சிசேரியன் காயத் தொற்று: தியேட்டரில் தொடங்கி வீட்டில் தெரிவது

சிசேரியன் அறுவையில் கத்தி பல அடுக்குகளைக் கடக்கிறது. மேலே தோல், அதன் கீழே கொழுப்பு, பிறகு வெண்ணிறத்தில் கெட்டியான தசையுறை, இருபுறமும் ஒதுக்கப்படும் வயிற்றுத் தசைகள், வயிற்றறையின் உள்ளுறை, கடைசியாகக் கர்ப்பப்பையின் சுவர். இவற்றில் எந்த அடுக்கில் கிருமி தங்கிப் பெருகினாலும் அது அறுவைக் காயத் தொற்றுதான். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையம் வகுத்த வரையறையைப் பல நாடுகளும் பின்பற்றுகின்றன. அதன்படி, அறுவை நடந்த 30 நாள்களுக்குள் தோன்றும் தொற்று மூன்று வகைப்படும். தோலோடும் கொழுப்போடும் நிற்பது மேலோட்டமான தொற்று. தசையுறையையும் தசையையும் எட்டுவது ஆழமான தொற்று. கர்ப்பப்பையின் உட்சுவரிலோ வயிற்றறையிலோ சீழ் கட்டுவது உள்ளுறுப்புத் தொற்று. பேச்சுவழக்கில் இம்மூன்றுக்கும் ‘தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துவிட்டது’ என்ற ஒரே சொல்தான். ஆனால் முதல் வகை சில நாள் மருந்துக்கட்டோடு முடிந்துவிடலாம். மூன்றாம் வகை உயிரையே பறிக்கலாம்.

தொற்று எத்தனை பேருக்கு வருகிறது என்ற கேள்விக்கான விடை, யார் எப்போது எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2009இல் இங்கிலாந்தின் 14 மருத்துவமனைகளில் சிசேரியன் செய்துகொண்ட 4,107 பெண்களை, வீடு திரும்பிய பிறகும் விடாமல் தொடர்ந்து கவனித்தார்கள். 394 பேருக்குத் தொற்று வந்திருந்தது, அதாவது 9.6 விழுக்காடு. அந்தத் தொற்றுக்காக மருத்துவமனையில் மீண்டும் சேர்க்கப்பட்டவர்கள் 23 பேர் மட்டுமே. மறுபடி வந்து சேர்ந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் விகிதம் 0.6 என்றே பதிவாகியிருக்கும். ஆப்பிரிக்காவில் சிசேரியன் செய்துகொள்ளும் பெண்களில் 20 விழுக்காடு வரை காயத் தொற்றுக்கு ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

தொற்று விகிதம் சிறிதாக இருக்கும் இடத்திலும் எண்ணிக்கை பெரிது. 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நடந்த பிரசவங்களில் 21.5 விழுக்காடு சிசேரியன். தமிழ்நாட்டில் அது 44.9 விழுக்காடு, அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 34.1 ஆக இருந்தது. தெலங்கானாவில் 60.7. நூறு பிரசவத்தில் நாற்பத்தைந்து அறுவையாக முடியும் ஒரு மாநிலத்தில், அறுவைகளில் இருபதில் ஒன்றுக்குத் தொற்று வந்தாலும் பிள்ளை பெறும் நூறு பெண்களில் இருவர் கைக்குழந்தையோடும் சீழ்க் காயத்தோடும் வீட்டில் இருப்பார்கள்.

பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் காய்ச்சலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1846இல் வியன்னா பொது மருத்துவமனையின் இரு பிரசவப் பிரிவுகளில் மரண விகிதம் வெகுவாக வேறுபட்டது. மருத்துவ மாணவர்கள் பயின்ற முதல் பிரிவில் 11.4 விழுக்காட்டுத் தாய்மார்கள் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாம் பிரிவில் 2.8. மாணவர்கள் பிணப்பரிசோதனை அறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வருவதைக் கவனித்த இக்னாஸ் செம்மல்வைஸ், 1847 மே மாதத்திலிருந்து சுண்ணாம்புக் குளோரின் கரைசலில் கை கழுவுவதைக் கட்டாயமாக்கினார். 1848இல் முதல் பிரிவின் மரண விகிதம் 1.27ஆகக் குறைந்து, இரண்டாம் பிரிவுக்குச் சமமாக வந்தது. கிருமி என்ற கருத்தே நிலைபெறாத காலம் அது. செம்மல்வைஸ் சொன்னதைச் சக மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. தாய்மாரின் உடலுக்குள் கேட்டைக் கொண்டுபோனது மருத்துவரின் கைதான் என்பதை ஒப்புக்கொள்வது எளிதாக இல்லை.

அக்காலத்தில் சிசேரியன் பெரும்பாலும் மரணத்தில்தான் முடிந்தது. கர்ப்பப்பையை வெட்டிக் குழந்தையை எடுத்தபின் அந்த வெட்டைத் தைக்காமலே விடுவது வழக்கம். ரத்தமும் கர்ப்பப்பைக் கசிவும் வயிற்றறைக்குள் வழிந்தன. 1876இல் இத்தாலியின் பவியா நகரில் எதுவார்தோ போர்ரோ இதற்கு ஒரு கடுமையான வழி கண்டார்: குழந்தையை எடுத்த கையோடு கர்ப்பப்பையையும் அகற்றிவிடுவது. தாய் பிழைத்தாள், மீண்டும் கருவுறும் வாய்ப்பு போயிற்று. 1882இல் ஜெர்மனியின் மாக்ஸ் சேங்கர் கர்ப்பப்பைச் சுவரையே கவனமாகத் தைத்து மூடும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் அந்தக் கொடுமைக்குத் தேவை குறைந்தது. 1920களில் கிளாஸ்கோவின் மன்ரோ கெர், கர்ப்பப்பையின் மேற்பகுதியில் நெடுக வெட்டுவதை விட்டுக் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டுவதைப் பரப்பினார். அந்தப் பகுதி மெல்லியது, ரத்தப்போக்கு குறைவு, வெட்டின் மேல் உள்ளுறையை இழுத்து மூடவும் முடியும். இன்று நடக்கும் சிசேரியன்களில் பெரும்பாலானவை இந்த முறையில் செய்யப்படுபவையே. 1936இல் லண்டனின் குயீன் சார்லட் மருத்துவமனையில் லெனார்டு கோல்புரூக், புரோன்டோசில் என்ற சல்ஃபா மருந்தைப் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலுக்குக் கொடுத்து மரணங்களைக் குறைத்துக் காட்டினார். அதன் பின்னர் பெனிசிலின் வந்தது.

சிசேரியன் காயத்துக்குக் கிருமி வரும் வழிகள் இரண்டு. ஒன்று தோல். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்றவை பெரும்பாலும் தாயின் தோலிலிருந்தே வருகின்றன. சில வேளை மருத்துவக் குழுவினரின் கை, மூக்கு, தியேட்டர்க் கருவிகளிலிருந்தும் வரலாம். மற்றது யோனிப் பாதை. சிசேரியனைப் பிற வயிற்று அறுவைகளிலிருந்து பிரித்துக் காட்டுவது இதுதான். பனிக்குடம் உடையாத வரை கர்ப்பப்பையின் உட்புறம் ஓரளவு பாதுகாப்பாக இருக்கும். உடைந்துவிட்டால், யோனியில் இயல்பாகவே வாழும் ஈ.கோலை, பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ், என்டெரோகாக்கஸ், உயிர்வளி இல்லாமல் வளரும் நுண்ணுயிர்கள், யூரியாபிளாஸ்மா ஆகியவை மணிக்கு மணி மேலேறத் தொடங்கும். பல மணி நேரம் வலி எடுத்தும் குழந்தை இறங்காமல் கடைசியில் அறுவைக்குப் போகும் பெண்ணின் காயத்தில் இரண்டு வழிக் கிருமிகளும் சேர்கின்றன. முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யப்படும் சிசேரியனைவிட அவசர சிசேரியனில் தொற்று மிகுதியாக இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். பனிக்குடம் உடைந்து நேரமாவது, திரும்பத் திரும்ப உள்பரிசோதனை செய்வது, பனிக்குட உறைகளில் தொற்று ஏற்கெனவே தொடங்கியிருப்பது, அறுவை நீள்வது, ரத்தம் மிகுதியாகப் போவது ஆகியவை ஒவ்வொன்றும் ஆபத்தைக் கூட்டும்.

தாயின் உடல்நிலையும் இதில் பங்கு பெறுகிறது. மேலே சொன்ன இங்கிலாந்து ஆய்வில், உடல் நிறைக் குறியீடு 35ஐத் தாண்டிய பெண்களுக்கு இயல்பு எடையுள்ளவர்களைப்போல ஏறத்தாழ மூன்றே முக்கால் மடங்கு ஆபத்து இருந்தது. கொழுப்பில் ரத்த ஓட்டம் குறைவு. நோயெதிர்ப்பு அணுக்களும் மருந்தும் அங்கே போதிய அளவு எட்டுவதில்லை. தையலுக்கு அடியில் திரவம் தேங்கவும் இடம் இருக்கிறது. கர்ப்பகால நீரிழிவு இன்னொன்று. சென்னை மருத்துவர் வி. சேஷய்யா இதற்காக வலியுறுத்திய சோதனை மிக எளியது: சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருக்கிறதா என்று பார்ப்பது. வெறும் வயிற்றோடு பல மைல் பயணம் செய்து வரவேண்டிய அவசியம் கர்ப்பிணிக்கு இல்லை என்பதே அதன் பெரிய பலன். சர்க்கரை கட்டுக்குள் இருப்பவரின் காயம் ஆறும் வேகமே வேறு. ரத்தசோகையையும் ஒதுக்கிவிட முடியாது. அதே தேசியக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது.

ஆனாலும் காயத்தின் கதி பெரும்பாலும் தியேட்டரில் கழியும் ஒரு மணி நேரத்தைச் சுற்றியே தீர்மானமாகிறது. அங்கே செய்யவேண்டியவற்றுள் மிக வலுவான சான்று உள்ளது முன்தடுப்பு ஆன்டிபயாடிக் ஊசிக்கு. 95 ஆய்வுகளையும் 15,000க்கு மேற்பட்ட பெண்களையும் உள்ளடக்கிய காக்ரேன் தொகுப்பாய்வு, இந்த ஊசி காயத் தொற்றையும் கர்ப்பப்பைத் தொற்றையும் 60 முதல் 70 விழுக்காடு குறைக்கிறது என்று கண்டது. ஊசியை எப்போது போடுவது என்பதில்தான் நெடுநாள் தகராறு இருந்தது. மருந்து குழந்தைக்குப் போய்விடக் கூடாது, குழந்தைக்குத் தொற்று இருந்தால் அதை மருந்து மறைத்துவிடக் கூடாது என்ற கவலையால், தொப்புள்கொடியைக் கவ்வி வெட்டிய பிறகே ஊசி போடுவது வழக்கமாக இருந்தது. அதற்குள் கத்தி பட்டுப் பல நிமிடங்கள் ஆகியிருக்கும். கிருமி உள்ளே போய்விட்ட பிறகே மருந்து திசுவை எட்டும். 5,041 பெண்களிடம் நடந்த பத்து ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, தோலை வெட்டுமுன்பே ஊசி போட்டால் தாயின் தொற்றுகள் 43 விழுக்காடு குறைந்தன. குழந்தைகளுக்குக் கூடுதல் கேடு தெரியவில்லை. ஆகவே, வெட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் செஃபாசோலின் போடுவதே இன்றைய நெறி. எடை 80 கிலோவைத் தாண்டினால் 2 கிராம் தேவை. ரத்தம் ஒன்றரை லிட்டருக்கு மேல் போனாலோ அறுவை வெகுவாக நீண்டாலோ இன்னொரு முறை போடவேண்டியிருக்கும்.

செஃபாசோலின் யூரியாபிளாஸ்மாவைத் தொடாது. வலி எடுத்தபின்போ பனிக்குடம் உடைந்தபின்போ அறுவைக்குப் போகும் பெண்களுக்கு அசித்ரோமைசின் 500 மில்லிகிராமையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை 2016இல் வெளியான ஒரு ஆய்வு சோதித்தது. அமெரிக்காவின் 14 மையங்களில் 2,013 பெண்கள் அதில் பங்குபெற்றார்கள். காயத் தொற்று 6.6 விழுக்காட்டிலிருந்து 2.4ஆகக் குறைந்தது. ஒரே ஒரு மருந்தைச் சேர்ப்பதால் கிடைக்கும் பலன் என்ற வகையில் இது பெரிய வேறுபாடு.

இதற்கு நேர்மாறான பழக்கம் ஒன்று இந்தியாவின் பல மருத்துவமனைகளில் வேரூன்றியிருக்கிறது. அறுவைக்குப் பின் ஐந்து நாள், ஏழு நாள் என ஆன்டிபயாடிக்கைத் தொடர்வது அது. அறுவை முடிந்தபின் முன்தடுப்பு மருந்தை நீட்டிக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு நெறிமுறையில் உறுதியாகச் சொல்லப்பட்ட பரிந்துரை. நீட்டிப்பதால் காயத்துக்கு நன்மை இல்லை; மருந்துக்கு அடங்காத கிருமிகள் வார்டிலேயே வளர்கின்றன. அடுத்த படுக்கையில் இருக்கும் பெண்ணுக்குத் தொற்று வரும்போது அதே மருந்து பலனற்றுப் போகிறது. இதில் விதிவிலக்காகப் பேசப்படுவது ஒன்றுண்டு. 2017இல் வெளியான ஆய்வில், உடல் பருமன் உள்ள 403 பெண்களில் ஒரு பாதியினருக்கு 48 மணி நேரம் செஃபலெக்சினும் மெட்ரோனிடசோலும் வாய்வழி கொடுக்கப்பட்டன. அவர்களிடம் தொற்று 6.4 விழுக்காடு, மருந்து பெறாதவர்களிடம் 15.4. இது குறிப்பிட்ட ஒரு பிரிவினருக்கு மட்டும் பொருந்துவது. எல்லாருக்கும் ஒரு வாரம் மருந்து எழுதிக்கொடுப்பதற்கு இதைச் சான்றாகக் காட்ட முடியாது.

தோலைத் தயார்செய்வதில் இரண்டு செய்திகள் தெளிவானவை. முடியை ரேசரால் மழிக்கக் கூடாது. மழிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்து அவற்றில் கிருமி குடியேறும். எடுத்தே தீரவேண்டுமானால் கிளிப்பரால் கத்தரிக்க வேண்டும். அடுத்து, தோலில் தடவும் மருந்து. 1,147 பெண்களிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வில் குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹால் தடவியவர்களிடம் தொற்று 4.0 விழுக்காடு, அயோடின் கலந்த ஆல்கஹால் தடவியவர்களிடம் 7.3. எதைத் தடவினாலும் அது காயும்வரை காத்திருக்க வேண்டும். அவசர அறுவையில் அந்தச் சில நிமிடங்கள்தான் முதலில் விடுபட்டுப் போகின்றன. அறுவைக்குச் சற்று முன் யோனியைப் போவிடோன் அயோடினால் துடைப்பது, அதிலும் பனிக்குடம் உடைந்தவர்களுக்கு, கர்ப்பப்பைத் தொற்றைக் குறைக்கிறது. செலவு மிகக் குறைந்த இந்த முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தும் பல இடங்களில் அது இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.

அறுவை செய்பவரின் கைத்திறனும் காயத்தில் எழுதப்படுகிறது. நஞ்சைக் கையை விட்டு எடுப்பதைவிடத் தொப்புள்கொடியை மெல்ல இழுத்து வரவழைப்பது கர்ப்பப்பைத் தொற்றைக் குறைக்கும். தோலடிக் கொழுப்பு 2 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அதைத் தனியாகத் தைத்து மூடுவது காயம் பிரிவதைத் தடுக்கும். தோலை மூட உலோக ஸ்டேப்பிளா தையலா என்ற கேள்வியை 746 பெண்களிடம் சோதித்தபோது, காயச் சிக்கல் ஸ்டேப்பிளில் 10.6 விழுக்காடும் தையலில் 4.9 விழுக்காடும் இருந்தது. விலையுயர்ந்த கருவியெல்லாம் உதவும் என்றும் இல்லை. காயத்தின் மேல் எதிர்மறை அழுத்தம் தரும் கருவிக் கட்டு, பருமன் உள்ள 1,624 பெண்களிடம் சோதிக்கப்பட்டது. சாதாரணக் கட்டுப் போட்டவர்களிடம் தொற்று 3.4 விழுக்காடு, இக்கருவி பொருத்தியவர்களிடம் 3.6.

இத்தனையும் நடந்து முடிந்து மூன்று, நான்கு நாளில் தாய் டிஸ்சார்ஜ் ஆகிறாள். தமிழ்க் குடும்பங்களில், குறிப்பாக முதல் பிரசவத்துக்கு, அவள் போவது தாய்வீட்டுக்கு. மருத்துவமனை ஓர் ஊரில், தாய்வீடு வேறோர் ஊரில் என்பது சாதாரணம். காயத் தொற்று பெரும்பாலும் அறுவைக்குப் பின் ஒரு வாரம், பத்து நாள் கழித்தே தலைகாட்டுகிறது. அதாவது அறுவை செய்தவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில். அப்போது பழி பெரும்பாலும் வீட்டின்மேலும் தாயின்மேலும் விழுகிறது: கரப்பான் பண்டம் தின்றாள், கத்தரிக்காயும் கருவாடும் சேர்த்தாள், நேரத்தோடு எழுந்து நடந்துவிட்டாள். இவற்றுக்கும் சீழுக்கும் தொடர்பு இல்லை. பத்தியம் என்ற பெயரில் பருப்பையும் முட்டையையும் மீனையும் காய்கறியையும் விலக்கினால், காயம் ஆறத் தேவையான புரதமும் சத்துகளும்தான் குறையும். தண்ணீரைக் குறைப்பதும் அப்படித்தான். காயத்தின்மேல் மஞ்சள் பற்று, சாம்பல், எண்ணெய் எதையும் தடவக் கூடாது. வயிறு சரியாதிருக்கப் பழைய சேலையால் இறுகக் கட்டும் வழக்கத்தில், வியர்வையில் நனைந்த துணி காயத்தோடு ஒட்டிக்கிடப்பதுதான் சிக்கல். அடிவயிறு மடிந்து காயத்தை மூடும் பெண்களுக்கு இது இன்னும் கெடுதல். கட்டைப் பிரித்தபின் சோப்பும் தண்ணீரும் பட்டு மெல்லக் கழுவி, மெத்தென்ற சுத்தமான துணியால் ஒற்றி, காற்றுப் பட உலரவிடுவது போதும். குளிப்பதற்குத் தடை ஏதும் இல்லை.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள் சில. நாளுக்கு நாள் குறையவேண்டிய வலி கூடுவது, காயத்தைச் சுற்றிச் சிவந்து சூடாவது, கெட்டிப்படுவது, மஞ்சளாகவோ நாற்றத்தோடோ வடிவது, தையல் வாய் பிளப்பது, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், அடிவயிற்று வலியோடு நாறும் தீட்டு. கரிய நிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சூடும் கெட்டித்தன்மையும்தான் அங்கே துணை. வடிவதெல்லாம் சீழ் அல்ல. தெளிந்த நீரோ பழைய ரத்தமோ தேங்கி வழிவதும் உண்டு. அதையும் மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தேங்கிய சீழுக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, திறப்புதான். தேவையான இடத்தில் தையலைப் பிரித்து, சீழை வடித்து, செத்த திசுவை நீக்கி, உப்புநீரால் கழுவி, தசையுறை பிரியாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினால் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரியும். பிறகு தினமும் மருந்துக்கட்டு. காயம் அடியிலிருந்து செந்நிறச் சதை வளர்ந்து தானே மூடிக்கொள்ளலாம். அல்லது சுத்தமானபின் மறுபடி தைக்கலாம். முதல் வழிக்குப் பல வாரங்கள் பிடிக்கும், இரண்டாவது விரைவில் முடியும். தோலைச் சுற்றிப் பரவும் அழற்சிக்கும் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் தேவை. கர்ப்பப்பைத் தொற்றுக்கு கிளின்டமைசினும் ஜென்டமைசினும் சேர்ந்த ஊசி நெடுங்காலமாக நம்பப்படும் சிகிச்சை. வழக்கமாகக் கொடுக்கப்படும் மருந்துகள் பெரும்பாலானவற்றின்போது தாய்ப்பாலைத் தொடரலாம். குழந்தையைப் பிரித்துவைத்துப் பாலை நிறுத்துவதால் காயத்துக்கு நன்மை எதுவும் வருவதில்லை.

அரிதான இரண்டைத் தனியே சொல்ல வேண்டும். முதல் 48 மணி நேரத்துக்குள்ளேயே கடும் காய்ச்சலும், காயத்தின் தோற்றத்துக்குப் பொருந்தாத பெருவலியும் வந்தால் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸோ கிளாஸ்ட்ரிடியமோ காரணமாக இருக்கலாம். தசையுறையை அழித்துக்கொண்டே பரவும் தொற்று மணிக்கணக்கில் உயிரைக் குடிக்கும். அழுகிய திசு முழுவதையும் உடனே வெட்டி அகற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. இரண்டாவது இதற்கு எதிர்மாறு. காயம் ஆறியதுபோல் தோன்றி, சில வாரங்கள் கழித்துச் சிறு துளைகள் விழுந்து, நீர்த்த சீழ் கசிந்துகொண்டே இருக்கும். சாதாரண மருந்துக்கு அடங்காது, சாதாரணப் பரிசோதனையில் கிருமியும் தெரியாது. காசநோய்க் கிருமியின் உறவான, தண்ணீரில் வாழும் மைக்கோபாக்டீரியாக்கள் இதற்குக் காரணமாகலாம். சரியாகக் கிருமிநீக்கம் செய்யப்படாத கருவிகளும் குழாய்நீரும் அவற்றுக்கு வழி. ஒரே மருத்துவமனையில் அடுத்தடுத்து இத்தகைய காயங்கள் தோன்றினால் தேடவேண்டிய இடம் அந்தத் தியேட்டரின் கிருமிநீக்க அறை.

அடுத்தடுத்துத் தோன்றுகின்றன என்று தெரியவே காயங்களை யாராவது எண்ணியிருக்க வேண்டும். வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு மருத்துவர்களிடம் போகும் பெண்களை அறுவை செய்த மருத்துவமனை அறிவதே இல்லை. இந்த இடைவெளியை நிரப்ப ருவாண்டாவின் கிரெஹே மாவட்ட மருத்துவமனையில், சிசேரியன் செய்துகொண்ட பெண்களின் காயங்களைப் பத்தாம் நாளையொட்டிப் பரிசோதித்தார்கள். நூற்றுக்குச் சுமார் 11 பேரிடம் தொற்று இருந்தது. தமிழ்நாட்டில் இதற்கென்று புதிதாக ஆள் தேட வேண்டியதில்லை. பிரசவமான வீடுகளுக்குக் கிராம சுகாதார செவிலியர் ஏற்கெனவே போய்வருகிறார். குழந்தையின் எடையைப் பார்க்கிறார், தடுப்பூசி நாளைச் சொல்கிறார். அந்த வருகையில் ஒன்று பத்தாம் நாளை ஒட்டி அமைந்து, தாயின் காயத்தையும் பார்த்து, அது ஆறியதா சீழ் வைத்ததா என்ற குறிப்பு அறுவை நடந்த மருத்துவமனைக்குத் திரும்பிப் போனால், அங்கே ஊசி எந்த நிமிடத்தில் போடப்பட்டது, தோல் மருந்து காய்ந்ததா என்ற கேள்விகளைத் தொற்று வந்த ஒவ்வொரு பெண்ணின் கேஸ் ஷீட்டிலும் தேடிப் பார்க்க முடியும்.